சாவகத்துச் சண்டியும் கல்லான கன்னியும்

கடல் கடந்த நாடுகளைப் பற்றித் தமிழர் அவைகளில் பேச்சு எழும்போதெல்லாம் சாவகத்தின் பெயர் வராமல் இராது. மணிமேகலைக் காப்பியம் சாவக நாட்டையும், நாகபுரம் என்னும் அதன் நகரையும், ஆங்கு அரசு வீற்றிருந்த புண்ணியராசனையும் கூறுகின்றது. அச்சாவகம் இன்றைய ஜாவாத் தீவேதானா, அன்றிச் சுமத்திராவும் மலேயத் தீபகற்பமும் அடங்கிய பரந்த நிலப்பகுதியா என்பதில் ஆராய்ச்சியாளர் கருத்து ஒருமைப்படவில்லை. ஆயினும் பெயர் நம் செவிக்குப் பழகியது. பழகிய பெயராக இருப்பதில் ஒரு தீமையும் உண்டு. ஆங்குள்ள கற்கோயில்களையெல்லாம் நம் முன்னோர் சென்று கட்டினர் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடுவது மேடை வழக்கமாகிவிட்டது. உண்மையில் கட்டிய மக்கள் யார், கட்டியவர் மறைந்த பின் அவ்விடத்தில் வாழ்ந்தோர் அக்கோயில்களைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டனர் என்று கேட்பதற்கு அங்கே நேரம் கிடைப்பதில்லை. இக்கட்டுரையில் அவ்விரு வினாக்களையும் உடன்வைத்து, நடுச் சாவகத்துப் பிரம்பானன் கோயிலையும் அதன்மேல் படர்ந்துள்ள கதைகளையும் நோக்குவோம்.

யோக்யகர்த்தா நகருக்கு வடகிழக்கே சுமார் 17 கிலோமீட்டர் தொலைவில், மெராபி எரிமலைக்குத் தெற்கே பரந்த சமவெளியில், ஓபாக் ஆற்றின் அருகே பிரம்பானன் அமைந்துள்ளது. நடு முற்றத்தில் சிவன், திருமால், நான்முகன் ஆகிய மூவருக்கும் மூன்று பெருங்கோயில்கள். இடையில் நிற்கும் சிவன் கோயிலின் உயரம் 47 மீட்டர். மூன்றுக்கும் எதிரே அவ்வவ் ஊர்திகளுக்கு உரியனவாகக் கருதப்படும் மூன்று கோயில்கள். சிவனுக்கு எதிரே உள்ளதில் நந்தி இன்றும் படுத்திருக்கின்றது. முற்றத்தின் ஓரங்களிலும் மூலைகளிலும் சில சிற்றாலயங்கள். அதற்கு வெளியே, படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் தளங்களில், நாற்புறமும் சூழ்ந்த நான்கு வரிசைகளாக 44, 52, 60, 68 என்று 224 சிற்றாலயங்கள். அனைத்தையும் கூட்டின் 240 ஆகும்.

சாவக மக்கள் பழங்கோயில் எதனையும், அது சைவமாயினும் பௌத்தமாயினும், சண்டி என்றே வழங்குவர். துர்க்கையின் பெயராகிய சண்டிகை என்பதிலிருந்து அச்சொல் பிறந்தது என்று கருதுவோர் உளர். அது எவ்வாறாயினும், இக்கோயிலைப் பொறுத்தவரை அச்சொல் பொருத்தமாகவே விழுந்துள்ளது. ஏனெனில் மூவர்க்கு எடுத்த இக்கோயிலை அவ்வூரார் அழைத்துவந்த பெயர் சண்டி ராரா ஜொங்ராங் என்பதாம். ராரா என்பது கன்னி. ஜொங்ராங் என்பது மெல்லிய நெடிய உருவினள். சிவபெருமானின் இல்லத்துக்கு மெல்லியலாள் ஒருத்தியின் பெயர் வந்த கதையை இனிக் காண்போம்.

முன்னொரு காலத்தில் பெங்கிங் என்றும் போக்கோ என்றும் இரண்டு அரசுகள் அருகருகே இருந்தன. பெங்கிங்கை ஆண்டவன் நல்லரசன். அவன் மகன் பண்டுங் பொண்டொவோசோ பேய்களையும் பூதங்களையும் ஏவல் கொள்ளும் ஆற்றல் படைத்தவன். போக்கோ அரசனோ மனிதரைத் தின்னும் அரக்கன். குபாலன் என்னும் பேருருவினன் அவனுக்கு அமைச்சன். பெங்கிங்கின் மீது அரக்கன் படையெடுத்தான். போரில் பண்டுங்கின் கையால் மாண்டான். தோற்றோடிய குபாலனைத் துரத்திக்கொண்டு அரக்கனது அரண்மனைக்குள் புகுந்த பண்டுங், அங்கே அவன் மகள் ராரா ஜொங்ராங்கைக் கண்டான். கண்ட அளவில் மணம் பேசினான்.

தந்தையைக் கொன்ற கையைப் பற்றுவதா? முடியாது என்று சொல்லும் வலிமையும் அவளுக்கு இல்லை. நாடு அவன் காலடியில் கிடந்தது. ஆகவே இரண்டு நிபந்தனைகள் வைத்தாள். முதலாவது, ஒரு கிணறு தோண்ட வேண்டும். அவன் தோண்டினான். ஆழத்தில் அவன் நின்றபோது, அவள் குறிப்பறிந்த குபாலன் மேலிருந்து கல்லையும் மண்ணையும் தள்ளி மூடினான். பண்டுங் தன் மந்திர வலிமையால் வெளியே வந்தான். இரண்டாவது, பொழுது விடிவதற்குள், ஒரே இரவில், ஆயிரம் கோயில்கள் எழுப்ப வேண்டும். பூதங்களைத் துணைக்கு அழைத்து அவன் தொடங்கினான். இரவு தேய்ந்துகொண்டிருந்தது, 999 கோயில்கள் எழுந்துவிட்டன.

இங்கேதான் கதையின் உயிர் இருக்கிறது. இளவரசி தன் தோழியரையும் ஊர்ப் பெண்களையும் எழுப்பினாள். உரலில் நெல்லை இட்டுக் குத்தச் சொன்னாள். கிழக்கே வைக்கோலைக் குவித்துத் தீ மூட்டச் செய்தாள். கீழ்வானம் சிவந்தது, உலக்கை ஒலி எழுந்தது, விடிந்ததென்று எண்ணிச் சேவல்கள் கூவின. கதிரொளிக்கு அஞ்சும் பூதங்கள் கைவேலையைப் போட்டுவிட்டு மண்ணுக்குள் மறைந்தன. ஆயிரத்துக்கு ஒன்று குறைந்தது. ஏமாற்றத்தை உணர்ந்த பண்டுங், "அக்குறையை நீயே நிரப்புக" என்று சபிக்க, அவள் கல்லாகி நின்றாள். அவளுக்குத் துணைநின்ற ஊரின் கன்னியர் நெடுநாள் மணமின்றி இருக்கக்கடவர் என்று அவன் சபித்ததாகவும் சிலர் கூறுவர். காதலர் இருவர் சேர்ந்து இக்கோயிலுக்கு வந்தால் பிரிந்துவிடுவர் என்னும் நம்பிக்கை யோக்யகர்த்தா இளைஞரிடையே இன்றும் உண்டு. அதற்கும் இக்கதையே வேர்.

கதையைக் கேட்டவுடன் எண்ணிப் பார்க்கத் தோன்றுவது நம் போன்ற கணக்குப் பிள்ளைகளின் இயல்பு. ஆயிரம் கோயில் எங்கே? பிரம்பானனுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில் சண்டி செவு என்னும் பௌத்தக் கோயில் தொகுதி உள்ளது. செவு என்றால் ஆயிரம். பண்டுங்கின் பூதங்கள் கட்டியவை அவையே என்பர். அங்குள்ளவற்றை எண்ணினால் 249. பிரம்பானனின் 240-ஐயும் சேர்த்தால் 489. பாதிக்கும் குறைவு! ஆயின் இதனைப் பொய்க்கணக்கு என்று தள்ளுவதற்கு நமக்கு உரிமை இல்லை. மதுரை ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்கள். ஆயிரம் என்பது எண்ணிச் சொன்ன தொகையன்று. எண்ணிக்கை போதும் என்று நிறுத்திய இடம்.

சாபத்தால் கல்லானவள் எங்கே என்று கேட்டால், ஊரார் சிவன் கோயிலின் வட அறைக்கு அழைத்துச் செல்வர். கிழக்கு நோக்கிய நடு அறையில் மகாதேவர் நிற்கின்றார். தெற்கு அறையில் அகத்தியர், மேற்கில் விநாயகர், வடக்கில் எட்டுக் கைகளுடன் நிற்கும் பெண் உருவம். அவள் காலடியில் எருமை கிடக்கின்றது. ஒரு கை எருமையின் வாலைப் பற்றியிருக்க, மற்றொரு கை சிறு உருவாக வெளிப்பட்ட அசுரனின் தலைமயிரைப் பற்றியிருக்கின்றது. தமிழர் எவரும் கண்டமாத்திரத்தில் சொல்லிவிடுவர், அவள் மகிடாசுரமர்த்தினி என்று. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரி பாடும் கொற்றவையும் எருமைத் தலைமேல் நிற்பவளே. மாமல்லபுரத்திலும் அவளைக் காணலாம்.

ஈண்டு ஒரு முரண்பாடு நம்மை நிறுத்துகின்றது. கல்லில் இருப்பவள் அசுரனை அழித்தவள். கதையில் வருபவளோ அரக்கனின் மகள். ஒரே உருவம், இரண்டு எதிரெதிர்ப் பிறவிகள். இதனோடு முடியவில்லை. பிரம்பானனுக்குத் தெற்கே உள்ள குன்றுப் பகுதியில், சண்டி ஈஜோ என்னும் கோயிலுக்கு அணித்தாக, சில பழஞ்சிலைகள் உள்ளன. அவற்றுள் பெரியது ஏறத்தாழ ஆள் உயரத்தை விஞ்சிய அகத்தியர் சிலை. அதனை அவ்வூரார் வழங்கும் பெயர் குபாலன்! பொதியில் முனிவர், குறுமுனி என்று நாம் போற்றும் ஆசிரியர், சாவகத்தின் ஒரு குன்றின்மேல் அரக்கனின் அமைச்சராக நிற்கின்றார். நகைப்பதற்கு இடமுண்டு எனினும், நகைத்துவிட்டு நகர்ந்துவிடலாகாது. ஒரு சமயம் மறைந்து மற்றொன்று பரவி, அரசும் இடம் மாறி, கோயிலின் மந்திரங்களை ஓதத் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத ஊரில், மக்கள் தம் எதிரே நின்ற உருவங்களுக்குப் புதிய உறவுமுறை வகுத்துக்கொண்டனர். பெயர் தெரியாத சிலைகளை அவர்கள் அநாதைகளாக விடவில்லை.

மேலும், இக்கதையை யார் சொல்லியிருப்பர் என்று கருதிப் பார்க்கின்றோம். பூதப்படையை வென்ற ஆயுதங்கள் எவை? உரல், உலக்கை, வைக்கோல், சேவல். வைகறையில் எழுந்து நெல் குத்தியவர்களுக்கே இத்தகைய உபாயம் தோன்றும். அரசவைப் புலவன் பாடியிருந்தால் தெய்வ அம்போ முனிவர் சாபமோ வந்திருக்கும். இது அடுக்களைக்கும் களத்து மேட்டுக்கும் நடுவே பிறந்த கதை என்பது நம் துணிபு. வட அறைத் துர்க்கைக்குக் கிராமத்தார் மலரும் நறும்புகையும் இட்டு வேண்டிக்கொண்டதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்ற பயணிகள் குறித்துள்ளனர். வந்தவர்களோ இசுலாமியச் சமயத்தினர். துர்க்கை என்று அவர்கள் அறியார். ராரா ஜொங்ராங் என்றே அறிவர். பெயர் மாறியதால் பூசை நின்றுவிடவில்லை.

சேவல் பொய்யாகக் கூவி மணம் தடைப்பட்ட கதை நமக்கும் புதிதன்று. குமரித் தெய்வத்தை மணக்கச் சுசீந்திரத்திலிருந்து சிவபெருமான் புறப்பட்டு வர, நாரதர் சேவலாகக் கூவ, முகூர்த்தம் கடந்துவிட்டதென்று அவர் திரும்ப, அம்மை கன்னியாகவே கடற்கரையில் நின்றுவிட்டாள் என்பது தென்கோடித் தலவரலாறு. அவளும் அசுரனை, பாணாசுரனை, அழிக்க வந்தவள். ஒன்றிலிருந்து மற்றொன்று சென்றது என்று நாட்ட நாம் முயலவில்லை. மேற்குச் சாவகத்தின் சுந்த மக்களிடமும் சங்குரியாங் என்பவனைப் பற்றி இதனையொத்த கதை உண்டு. அங்கும் ஓரிரவு வேலை பொய் விடியலால் தடைப்படுகின்றது. வேலையைத் தடுக்கவும் வேண்டாத திருமணத்தைத் தவிர்க்கவும் விடியலையே கருவியாக்குவது பல மக்கட்கும் தோன்றிய கற்பனை. வேற்றுமை ஒன்று மட்டும் சுட்டத்தக்கது. குமரியில் சூழ்ச்சி செய்தவர் தேவர் பக்கத்தார். பிரம்பானனில் சூழ்ச்சி அவளுடையதே.

இனிக் கல்வெட்டுக்கு வருவோம். சிவகிருகக் கல்வெட்டு என்று வழங்கும் ஒன்று ஜகார்த்தா அருங்காட்சியகத்தில் உள்ளது. பழஞ்சாவக மொழியில் செய்யுளாக அமைந்தது. சக ஆண்டு 778, அஃதாவது கி.பி. 856 நவம்பர். ஆண்டை எண்ணால் எழுதாமல், எண்களைக் குறிக்கும் சொற்களால் அமைத்துள்ளனர். சிவனுக்கு ஓர் இல்லம் எடுத்ததையும், ஆற்றின் போக்கைத் திருப்பியதையும், சூழ அமைந்த சிற்றாலயங்களையும், கோயிலுக்கு விடப்பட்ட நிலத்தையும் அது கூறுகின்றது. பிரம்பானன் என்ற பெயர் அதில் இல்லை. வருணனையைத் தரையோடு ஒப்பிட்டு, இக்கோயிலே அது என்று அறிஞர் முடிவு செய்தனர். கோப்புகளிடையே காலங்கழிக்கும் நமக்கு இம்முறை விளங்காததன்று. பெயர் கிழிந்துபோன தாளை எல்லையும் பரப்பும் கொண்டு அடையாளம் காண்பது போன்றதே. 1956-இல் இக்கல்வெட்டை விளக்கத்துடன் வெளியிட்டவர் ஒலாந்து நாட்டு அறிஞர் தெ காஸ்பரிஸ்.

கல்வெட்டு வந்தபின் கதைக்கு வேலை இல்லை என்று சொல்வோர் உண்டு. ஆயின் கல்வெட்டைப் படித்த அறிஞர்களே கதையை விடவில்லை என்பதுதான் சுவையானது. பிரம்பானனுக்குத் தெற்கே சுமார் மூன்று கிலோமீட்டரில் ராத்து போக்கோ என்னும் குன்று உள்ளது. போக்கோ மன்னன் என்பதே அதன் பொருள். அரக்கனின் அரண்மனை அதுவே என்பது ஊர்வழக்கு. வாயில்களும் மதிலும் குளங்களும் மேடைகளும் அங்கே எஞ்சியுள்ளன. சிவகிருகக் கல்வெட்டில் ஒரு போரும் கல்லடுக்கிய அரணும் குறிக்கப்படுவதைக் கண்ட தெ காஸ்பரிஸ், சைலேந்திர மரபின் பாலபுத்திரன் என்பான் அக்குன்றில் அரண் அமைத்து நின்று, சைவனாகிய பிகாத்தானிடம் தோற்றுச் சுமத்திராவுக்கு ஓடினான் என்று வரலாறு அமைத்தார். போக்கோவுக்கும் பெங்கிங்குக்கும் நடந்த கதைப் போர் உண்மைப் போரின் நிழலே என்று பலரும் மகிழ்ந்தனர். பின்வந்த ஆய்வாளர் அக்கல்வெட்டில் அச்சொல் ஆட்பெயரே அன்று எனக் காட்டி ஐயுற்றனர். குன்றில் கிடைத்த கல்வெட்டுக்களோ வேறு செய்தி சொல்கின்றன. 792-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்கு அபயகிரி விகாரம் அமைந்ததைக் கூறுகின்றது. ஈழத்து அனுராதபுரத்தின் புகழ்பெற்ற விகாரத்தின் பெயர் அது. 856-ஐ ஒட்டிய கல்வெட்டுக்கள் கும்பயோனி என்பவர் அங்கு இலிங்கங்கள் நிறுவியதைக் கூறுகின்றன. அரக்கனும் இல்லை, அவன் மகளும் இல்லை. முதலில் பிக்குகள், பின்னர்ச் சிவனடியார்.

அறிஞர் கட்டிய கதை இதுவொன்றுதானா? 1885-இல் ஐசர்மன் என்பவர் சிவன் கோயில் நடு அறையின் அடியில் தோண்டினார். ஆழமான குழி ஒன்றும், அதனுள் கற்பேழையும் வெளிப்பட்டன. கரி, சாம்பல், மண், எரிந்த விலங்கெலும்பு, காசுகள், மணிகள், பொன் வெள்ளித் தகடுகள் இருந்தன. சாம்பலைக் கண்டதும், சண்டிகள் மன்னரின் ஈமச் சின்னங்கள் என்னும் கொள்கை வலுப்பெற்றது. பல பத்தாண்டுகள் நூல்தோறும் அதுவே எழுதப்பட்டது. 1974-இல் இந்தோனேசிய அறிஞர் சுக்மோனோ தம் ஆய்வேட்டில், சண்டி கல்லறை அன்று, கோயிலே என்று நிலைநாட்டினார். கருவறைக்கடியில் பொன்னும் மணியும் இட்டுக் கோயிலெடுப்பதைக் கர்ப்பநியாசம் என்று அறிந்த நம் நாட்டுத் தபதி எவரையேனும் தொடக்கத்திலேயே கேட்டிருந்தால் இவ்வளவு காலம் பிடித்திராது என்று தோன்றுகின்றது. ஊரார் கதை தெய்வத்தை மகளாக்கியது. அறிஞர் கதை கோயிலைச் சுடுகாடாக்கியது. இரண்டில் எது பெரிய பிழை என்பதை அன்பர்களே முடிவு செய்யலாம்.

மூன்றாவதாக நம்மவர் கதை. சோழர் கடாரம் கொண்டபோது கட்டியது பிரம்பானன் என்று மேடையிலும் மலரிலும் கூறுவோர் உண்டு. ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் போதும். சிவகிருகம் எழுந்த 856-இல், விசயாலயன் தஞ்சையைக் கைப்பற்றிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-இல். இராசேந்திரனின் கடற்படை சென்றது 1025-ஐ ஒட்டி. அவனது மெய்க்கீர்த்தி அடுக்கும் ஊர்களில் நடுச் சாவகத்து ஊர் ஒன்றும் இல்லை. அப்போது பிரம்பானன் தலைநகர்க் கோயிலாகவும் இல்லை. 929-ஐ ஒட்டி ம்பூ சிண்டோக் என்னும் மன்னன் காலத்திலேயே அரசு கிழக்குச் சாவகத்துக்குப் பெயர்ந்துவிட்டது. எரிமலையா, வாணிகமா, பகையா என்று காரணம் பலவாறு கூறுவர். ஆகவே நம் சோழர் கடல் கடந்தபோது, பிரம்பானன் ஏறத்தாழ நூறாண்டு கைவிடப்பட்ட கோயில். சாவகர் தம் அறிவாலும் தம் உழைப்பாலும் எடுத்த கோயிலை அவர்களிடமிருந்து பறித்து நமக்குச் சூட்டிக்கொள்வதில் நமக்குப் பெருமை ஏதுமில்லை.

அதனால் உறவே இல்லை என்பதன்று. உள்ள உறவு நுட்பமானது, கூவிச் சொல்லத்தக்கதன்று. 732-இல் சஞ்சயன் என்னும் மன்னன் குன்றொன்றில் இலிங்கம் நிறுவிய சங்கல் கல்வெட்டு பல்லவ எழுத்தில் அமைந்தது. பிற்காலச் சாவக எழுத்தும் அதன் வழிவந்ததே. 760-ஆம் ஆண்டுத் தினோயோ கல்வெட்டில், மரத்தாலான அகத்தியர் திருமேனிக்கு மாற்றாகக் கருங்கல் திருமேனி அமைத்த செய்தி உள்ளது. மேலே கண்ட கும்பயோனி என்னும் பெயரும் குடத்தில் பிறந்த அகத்தியருக்கே உரியது. நம் சோழர் காலக் கோயில்களில் வடபுறக் கோட்டத்தில் துர்க்கை நிற்பதும் தென்புறத்தில் தட்சிணாமூர்த்தி அமர்வதும் அன்பர் அறிந்ததே. பிரம்பானனிலும் வடக்கில் துர்க்கை. தெற்கிலோ ஆலமர் செல்வருக்கு மாற்றாக அகத்திய முனிவர். ஆசிரியர்க்குரிய திசையை ஆசிரியர்க்கே அளித்தனர். ஆசிரியர் யார் என்பதைத் தாமே தேர்ந்தனர். கொண்டதையும் கொண்டபடியே வைத்துக்கொள்ளாத மக்கள் அவர்கள்.

இதற்கு இன்னும் தெளிவான சான்று சிவன் கோயில், நான்முகன் கோயில் ஆகியவற்றின் சுற்றுச் சுவர்களில் உள்ள இராமாயணச் சிற்பங்கள். திருமால் கோயிலில் கண்ணன் கதை. இராமாயணச் சிற்பங்கள் வான்மீகத்தை அப்படியே பின்பற்றவில்லை என்பதை 1925-இல் வெளிவந்த தம் நூலில் ஸ்டட்டர்ஹைம் காட்டினார். சேதுவுக்காகக் குரங்குகள் கடலில் எறியும் கற்களை மீன்கள் வாயில் கவ்விச் செல்லும் காட்சி அங்கே உள்ளது. சீதை தன் கணையாழியைச் சடாயுவிடம் அளிக்கும் காட்சியும் உள்ளது. வான்மீகத்தில் இவை இல்லை. வாய்மொழியாகத் தீவுகளில் உலவிய இராமகதை அது. அரசன் எடுத்த கோயிலிலேயே, உளியை ஏந்திய சிற்பி ஊரில் கேட்ட கதையைத்தான் செதுக்கினான் என்றால், பின்னர் ஊரார் அக்கோயிலுக்கே ஒரு கதை கட்டியதில் வியப்பென்ன? 1961 முதல் அக்கோயிலின் அருகே திறந்தவெளி அரங்கில் இராமாயண நாட்டிய நாடகம் நடைபெற்று வருகின்றது.

கோயில் இடிந்தது எப்போது என்று ஒரு நாளைக் குறிக்க இயலாது. நிலநடுக்கமும் எரிமலையும் மரவேர்களும் பலகாலம் செய்த வேலை அது. 1733-இல் ஒலாந்தக் கும்பினியின் அலுவலர் லோன்ஸ் அங்குச் சென்று குறிப்பெழுதினார். 1811-இல் ஆங்கிலேயர் சாவகத்தைக் கைப்பற்றியபின், ராஃபிள்ஸின் ஆட்சிக்காலத்தில் சென்று பார்த்தவருள் காலின் மெக்கன்சி ஒருவர். இப்பெயர் நமக்கு அயலன்று. தென்னாட்டுக் கல்வெட்டுக்களையும் ஊர்க்கதைகளையும் ஆயிரக்கணக்கில் தொகுத்தவர் அவரே. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இன்றும் மெக்கன்சி சுவடிகள் உள்ளன. ஊரார் சொல்லும் கதையையும் எழுதி வைக்க வேண்டும் என்னும் பழக்கம் கொண்ட ஒருவர் அவ்விடிபாடுகளிடையே நின்றது நற்பேறே. பின்வந்தோர் அனைவரும் அவ்வாறில்லை. சிலைகள் ஒலாந்தர் இல்லத் தோட்டங்களுக்கு அணிகளாயின. கற்கள் கட்டடங்களுக்குச் சென்றன. இடிபாடு அகற்றிய வேலையில் கற்கள் பல ஓபாக் ஆற்றில் கொட்டப்பட்டன.

மீண்டும் எடுத்துக் கட்டும் பணி 1918-இல் தொடங்கியது. முறையாக நடந்தது 1930-க்குப் பின்னர். உலகப் போரும் விடுதலைப் போரும் இடையே வந்தும், சிவன் கோயில் முழுமையுற்று, 1953 டிசம்பர் 20-இல் குடியரசுத் தலைவர் சுகர்ணோவால் திறந்து வைக்கப்பட்டது. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன, இசுலாமியர் பெரும்பான்மையாக வாழும் நாடு, தன் வறுமையிடையே இதனைச் செய்து முடித்தது என்பதை மறத்தலாகாது. நான்முகன் கோயில் 1987-இலும் திருமால் கோயில் 1991-இலும் முடிந்தன. 1991-இலேயே உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் கிடைத்தது. 2006 மே 27-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்பகுதியில் மாண்டனர். கோயிலும் கல் பெயர்ந்து விரிசல் கண்டது. மறுபடியும் செப்பனிட்டனர். 2019 நவம்பர் 12-இல், பழங்கல்வெட்டின் நாளைக் கணக்கிட்டு, இந்துக்கள் அங்கு அபிடேக விழா எடுத்தனர். 2022 பிப்ரவரியில் இந்தோனேசிய அரசு செய்த உடன்பாட்டின்படி, பிரம்பானன் இந்துக்களின் வழிபாட்டுக்கு உரிய இடமாகவும் ஏற்கப்பட்டது.

ஒரு கோயிலின் மூலக்கற்களில் நான்கில் மூன்று பங்கேனும் கிடைத்தாலன்றி அதனை எடுத்துக் கட்டுவதில்லை என்பது அங்குள்ள தொல்லியலாரின் விதி. அவ்விதிப்படி 224 சிற்றாலயங்களுள் நிமிர்ந்தவை மிகச் சில. ஏனையவற்றின் அடித்தளங்களும் கற்குவியல்களும் வரிசை கலையாமல் புல்வெளியில் கிடக்கின்றன. வருவோர் அவற்றைக் கடந்து, சிவன் கோயிலின் செங்குத்தான படிகளில் ஏறி, வடபுற அறைக்குச் செல்கின்றனர். அங்கே எட்டுக் கைகளுடன் நிற்பவளைச் சுட்டி வழிகாட்டிகள் சொல்லத் தொடங்குவது மகிடாசுரனின் கதையை அன்று. உலக்கை ஒலி கேட்டுச் சேவல்கள் கூவிய இரவின் கதையை.